சிறை முந்திற்று, பள்ளி பிந்திற்று!

அமெரிக்க நாட்டின் தென்புலத்திலே மிசிசிப்பி என்றொரு மாநிலம். அதன் வடமேற்கே, மிசிசிப்பி ஆற்றுக்கும் யாசூ ஆற்றுக்கும் இடையே பரந்து கிடக்கும் வண்டல் சமவெளிக்கு டெல்டா என்று பெயர். அந்த டெல்டாவிலே ஒரு கவுன்டி. கவுன்டி என்றால், நம் பக்கத்துத் தாலுகாவைப் போல, மாநிலத்துக்கு உட்பட்ட ஒரு நிர்வாகப் பகுதி. அந்தக் கவுன்டியின் பெயர் சன்பிளவர். தமிழிலே சொன்னால், சூரியகாந்தி!

பெயரைக் கேட்டால் மலர் தெரியும். வரலாற்றைப் படித்தால் முள் தெரியும்.

1901-ஆம் ஆண்டு, மிசிசிப்பி மாநில அரசு அந்தச் சூரியகாந்திச் சீமையிலே பார்ச்மன் என்ற இடத்தில் ஒரு சிறைப் பண்ணை அமைத்தது. பரப்பு எவ்வளவு தெரியுமா, தோழர்களே? சுமார் 18,000 ஏக்கர்! கைதிகள் பருத்தி பயிரிட்டனர். அரசு லாபம் கண்டது.

அதே கவுன்டியில் ஐந்து வயதுக் குழந்தை ஒன்று, முதல் வகுப்புக்கு முன்னால் மாநில அரசின் செலவிலே பாலர் வகுப்பில் காலெடுத்து வைத்தது எப்போது? 1986-ஆம் ஆண்டு.

சிறைக்கும் பாலர் வகுப்புக்கும் இடையே 85 ஆண்டுகள்! மகன் கைதியாவான் என்று நம்பி முன்கூட்டியே இடம் ஒதுக்கினார்கள். அவன் மாணவனாவான் என்று நம்ப, மூன்று தலைமுறைக்கும் மேலே ஆயிற்று.

எங்கோ அமெரிக்காவிலே ஒரு தாலுகா. அங்கே குழந்தைகள் படித்தால் என்ன, படிக்காவிட்டால் என்ன, நமக்கேன் இந்தக் கவலை என்று கேட்கலாம். கூலிக்காரன் வீட்டுக் குழந்தைக்குப் பள்ளி வைப்பதா வேண்டாமா, வைத்தால் அதை யார் நடத்துவது, நடத்தினால் அதன் தேர்ச்சியை எந்தக் கோலால் அளப்பது என்ற மூன்று கேள்விகளும் அந்தச் சிறிய கவுன்டியிலே சந்தித்துக்கொண்டன. ஆகவேதான் அந்தக் கதையை விரித்துச் சொல்ல விரும்புகிறோம்.

அந்த மண் எப்படிப்பட்டது? கறுப்பு மண். அதை உழுதவர்கள் கறுப்பு மக்கள். அறுத்துக்கொண்டு போனவர்கள் வெள்ளைப் பண்ணையார்கள்! 1865-ல் அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்தது. ஆனால் நிலம் கைமாறவில்லை. நேற்றைய அடிமை இன்றைய வாரக்குடியானான். விதையும் கடன், ஏரும் கடன், சோறும் கடன். ஆண்டு முடிவிலே கணக்குப் பார்ப்பவர் பண்ணையார். கணக்குப் புத்தகமோ அவர் கையிலே. உழைத்தவனுக்கு எழுத்துத் தெரியாது. எழுத்துத் தெரிந்தவனுக்கு உழைப்புத் தெரியாது. ஆண்டுதோறும் மிஞ்சியது கடன்தான்!

எழுத்துத் தெரியாதவனாக அவன் ஏன் இருந்தான்? இருக்க வைத்தார்கள், அதனால் இருந்தான்.

ஃபேனி லூ ஹேமர் என்ற அம்மையாரின் வாழ்க்கையைப் பாருங்கள். 1917-ல் பிறந்தவர், பெற்றோருக்கு 20-வது குழந்தை. வளர்ந்ததும் வாழ்ந்ததும் சன்பிளவர் கவுன்டியிலே. ஆறு வயதிலே பருத்தி எடுக்கப் போனார். பள்ளிக்கூடம் உண்டா என்றால், உண்டு. பருத்தி வேலை இல்லாத குளிர்காலத்திலே, ஆண்டுக்கு நாலு மாதம்! காட்டில் செடி காய்ந்து நிற்கும் காலத்திலேதான் கறுப்புக் குழந்தையின் கையிலே புத்தகம் இருக்கலாம். செடி பூத்துவிட்டால் புத்தகம் மூடிக்கொள்ளும்.

அந்த அம்மையார் 1962 ஆகஸ்டு 31 அன்று, வாக்காளர் பட்டியலிலே பெயர் பதிவதற்காக, 18 பேர் கொண்ட கூட்டத்தோடு கவுன்டித் தலைநகரான இண்டியனோலாவுக்குப் போனார். திரும்பி வந்த அன்றே, 18 ஆண்டுகள் உழைத்த பண்ணையைவிட்டு வெளியேற்றப்பட்டார். ஓட்டுக் கேட்டார், வீட்டை இழந்தார்!

அதே இண்டியனோலாவிலேதான் 1954 ஜூலையில் வெள்ளைக் குடிமக்கள் மன்றம் என்ற அமைப்பு பிறந்தது. ஏன் அந்த ஆண்டில்? அந்த ஆண்டு மே மாதத்திலேதான், நிறம் பார்த்துப் பள்ளிகளைப் பிரிப்பது சட்டவிரோதம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தது, திகில் வந்தது, மன்றம் வந்தது. வேலையிலிருந்து நீக்குவது, கடன் கொடுக்க மறுப்பது, குடியிருப்பைக் காலி செய்யச் சொல்வது எல்லாம் அந்த மன்றத்தாரின் ஆயுதங்கள்.

மாநில அரசு என்ன செய்தது? 1956-ல் கட்டாயக் கல்விச் சட்டத்தையே நீக்கிவிட்டது! கறுப்புக் குழந்தையும் வெள்ளைக் குழந்தையும் ஒரே பெஞ்சிலே உட்காரும் நாள் வருமானால், எந்தக் குழந்தையையும் பள்ளிக்கு வரும்படி சட்டம் வற்புறுத்தக் கூடாதாம். தன் வீட்டிலே விளக்கு எரியாவிட்டாலும் சரி, அடுத்த வீட்டிலே வெளிச்சம் வரக்கூடாது என்ற மனப்பான்மைக்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

இப்படிப்பட்ட மண்ணிலே, 1965-ஆம் ஆண்டு கோடையில் ஒரு புதுமை நுழைந்தது.

அப்போது ஜனாதிபதி லிண்டன் ஜான்சன். வறுமை மீது போர் தொடுக்கிறோம் என்று அறிவித்து, 1964-ல் சட்டம் நிறைவேற்றியிருந்தார். அந்தப் போரின் ஒரு படைப்பிரிவுதான் ஹெட் ஸ்டார்ட். ஓட்டப் பந்தயத்தில் சிலரை முன்னதாகவே ஓடத் தொடங்கவிடுவது உண்டல்லவா? அதைத்தான் அந்தப் பெயர் குறிக்கிறது. பணக்காரன் வீட்டுப் பிள்ளை பத்தடி முன்னால் நின்று ஓடத் தொடங்குகிறது. ஏழையின் பிள்ளைக்கும் அந்தப் பத்தடியைக் கொடுப்போம் என்பது திட்டம். பள்ளி வயதுக்கு முந்திய குழந்தைகளுக்குப் பாடம், பால், சாப்பாடு, பல் பரிசோதனை, தடுப்பூசி, எல்லாம் இலவசம். அந்த முதல் கோடையிலேயே நாடு முழுவதும் 5 லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் சேர்ந்தார்கள்.

மிசிசிப்பியிலே இந்தத் திட்டம் எப்படி நுழைவது? கவர்னர் நினைத்தால் வாஷிங்டன் பணத்தைத் தடுத்து நிறுத்தலாம் என்று சட்டத்திலே ஒரு விதி இருந்தது. ஆனால் பணம் ஒரு கல்லூரியின் வழியாக வந்தால் கவர்னர் தடுக்க முடியாது என்றும் விதி இருந்தது. ஆகவே மேரி ஹோம்ஸ் என்ற சிறிய கறுப்பினக் கல்லூரி முன்வந்தது. அதன் வழியாகச் சுமார் 15 லட்சம் டாலர் வந்து சேர்ந்தது. மிசிசிப்பிக் குழந்தை வளர்ச்சிக் குழு என்ற அமைப்பு அந்தப் பணத்தைக் கொண்டு 80-க்கு மேற்பட்ட பாலர் பள்ளிகளைத் திறந்தது. சுமார் 6,000 குழந்தைகள்!

அந்தப் பள்ளிகள் எங்கே நடந்தன? மாடமாளிகையிலா? இல்லை. மாதா கோவில்களிலே, பழைய வீடுகளிலே, ஊர்மக்கள் கூடிச் சீர்படுத்திய கொட்டகைகளிலே. யார் ஆசிரியர்கள்? பட்டம் பெற்ற பண்டிதர்கள் மட்டுமல்ல. நேற்று வரையில் பருத்திக் காட்டிலே களை வெட்டிய தாய்மார்கள், வெள்ளையர் வீட்டிலே பாத்திரம் தேய்த்த மகளிர், வாக்குரிமைக் கிளர்ச்சியிலே சிறை சென்று மீண்ட பெண்கள். அவர்களே பாடம் சொன்னார்கள், அவர்களே சமைத்தார்கள், அவர்களே குழு கூட்டி யாரை வேலைக்கு வைப்பது என்று முடிவு செய்தார்கள்.

இதிலே பொருள் என்ன இருக்கிறது என்பதைப் பாட்டாளித் தோழர்கள் நன்றாக உணர முடியும். அந்த நாளிலே டெல்டாவில் காலை முதல் மாலை வரை களை வெட்டினால் கூலி 3 டாலர். அதுவும் பண்ணையார் மனம் வைத்தால்! ஹெட் ஸ்டார்ட் பள்ளியிலே வேலை செய்த பெண்ணுக்கு அதைவிடப் பல மடங்கு சம்பளம். பணம் வாஷிங்டனிலிருந்து வருகிறது. பண்ணையார் கையிலிருந்து அல்ல. அவள் ஓட்டுப் பதியப் போனால், வேலையைவிட்டு நீக்கப் பண்ணையாரால் முடியாது. பாலர் பள்ளி என்று பெயர். உள்ளே நடந்ததோ பண்ணை அடிமைத்தனத்தின் அடிவேரை அறுக்கும் வேலை!

ஆளவந்தார்கள் விடுவார்களா?

மிசிசிப்பியின் செனட்டர் ஜான் ஸ்டென்னிஸ் கிளம்பினார். அவர் செனட் சபையின் நிதி ஒதுக்கீட்டுக் குழுவிலே செல்வாக்கு மிக்கவர். கணக்கு எங்கே, ரசீது எங்கே, பொதுப்பணம் கிளர்ச்சிக்காரர்களுக்குப் போகிறதே என்று முழங்கினார். தணிக்கையாளர்கள் படையெடுத்தார்கள். கணக்கு வழக்கிலே பிழைகள் இருந்தன என்பதை மறைக்கத் தேவையில்லை. முந்திய நாள் வரை கணக்குப் புத்தகத்தைத் தொடவே அனுமதிக்கப்படாத மக்கள், ஒரே கோடையிலே லட்சக்கணக்கான டாலருக்குக் கணக்கு எழுத நேர்ந்தது. பிழை நேர்ந்தால் திருத்தலாம், திருத்தவும் செய்தார்கள்.

ஆனால் நாம் ஒன்று கேட்கிறோம். அதே மாநிலத்தின் மற்றொரு செனட்டர் ஜேம்ஸ் ஈஸ்ட்லாண்ட். அவருடைய பண்ணை எங்கே இருந்தது? அதே சன்பிளவர் கவுன்டியிலே, டாட்ஸ்வில் என்ற ஊரிலே. ஐயாயிரம் ஏக்கருக்கு மேல்! 1967-ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் அந்தப் பண்ணைக்கு மத்திய அரசிடமிருந்து வந்த மானியம் ஒரு லட்சம் டாலருக்கு மேல். பருத்திப் பண்ணையாருக்குக் கொடுத்தால் அது விவசாய வளர்ச்சி. பருத்தி எடுத்தவளின் குழந்தைக்குப் பால் கொடுத்தால் அது பொதுப்பண விரயம்! பஞ்சுக்குக் கொடுத்த பணத்துக்கு ரசீது கேட்க எத்தனை செனட்டர்கள் கிளம்பினார்கள்?

1965 இறுதியிலே பணம் நின்றது. பள்ளிகள் நின்றனவா? பல நிற்கவில்லை. சம்பளம் இல்லாமலே தாய்மார்கள் நடத்தினார்கள். வீட்டிலிருந்து சோறு கொண்டுவந்து ஊட்டினார்கள். 1966 பிப்ரவரியில் ஏறத்தாழ 50 குழந்தைகளைப் பஸ்ஸிலே ஏற்றிக்கொண்டு வாஷிங்டனுக்கே போய்விட்டார்கள். எங்கே இறங்கினார்கள் தெரியுமா? பிரதிநிதிகள் சபையின் கல்விக் குழு கூடும் அறையிலே! அங்கேயே பாட்டும் விளையாட்டும் படம் வரைதலுமாகப் பாலர் பள்ளியை நடத்திக் காட்டினார்கள். சட்டம் செய்யும் மண்டபத்திலே சின்னஞ்சிறு பாதங்கள் ஓடின. அதைவிடப் பெரிய மனு வேறென்ன வேண்டும்? அந்த மாதமே 56 லட்சம் டாலர் அனுமதிக்கப்பட்டது.

ஆனால் அந்த ஆண்டு இலையுதிர் காலத்திலே மீண்டும் வெட்டு விழுந்தது. அந்தக் குழுவை ஒதுக்கிவிட்டு, மாநிலத்தின் மிதவாத வெள்ளையரும் கறுப்பினத் தலைவர் சிலரும் சேர்ந்த புதியதோர் அமைப்புக்குப் பணத்தைத் திருப்பினார்கள். நாடெங்கும் கண்டனம் எழுந்தது. நியூயார்க் டைம்ஸ் ஏட்டிலே ஒரு முழுப்பக்கக் கண்டன விளம்பரமே வெளிவந்தது. பிறகு பழைய குழுவுக்கும் ஓரளவு பணம் கிடைத்தது. எனினும் இரண்டொரு ஆண்டிலே அந்தக் குழு மறைந்தது.

சன்பிளவரிலும் இதே காட்சிதான். ஏழைக் கறுப்பு மக்கள் தாமே சங்கம் கூட்டிப் பாலர் பள்ளிகளை நடத்தினார்கள். கவுன்டி ஆட்சியாளரின் ஆசி பெற்ற மற்றோர் அமைப்பு எழுந்து, பணம் எங்கள் வழியாகத்தான் வரவேண்டும் என்றது. ஹேமர் அம்மையார் ஏழைகள் நடத்திய பள்ளிகளின் பக்கம் நின்றார். பள்ளி வேண்டாம் என்று சொல்ல முடியாத நிலை வந்தபோது, பள்ளி எங்கள் கைக்குள் இருக்கட்டும் என்றார்கள் சீமான்கள்! நேற்று கதவை அடைத்தவர்கள், இன்று சாவியைக் கேட்டார்கள்.

இடையிலே குழந்தைகளின் வயிறு என்னவாயிற்று? பருத்தி எடுக்க எந்திரம் வந்தது. களையைக் கொல்ல மருந்து வந்தது. 1967 பிப்ரவரியில் பண்ணைத் தொழிலாளிக்கும் மணிக்கு 1 டாலர் குறைந்தபட்சக் கூலி என்று சட்டம் வந்தபோது, கூலி கொடுப்பதற்குப் பதில் ஆளையே குறைத்தார்கள் பண்ணையார்கள். அந்த ஏப்ரலிலே செனட்டர் ராபர்ட் கென்னடி டெல்டாவுக்கு வந்து, குடிசைக்குள் நுழைந்து, பசியால் வாடிய குழந்தைகளைக் கண்ணாரக் கண்டார். அவரை அங்கே வரவழைப்பதற்கு முன்நின்றவர், குழந்தை வளர்ச்சிக் குழுவுக்காக வாதாடிய இளம் வழக்கறிஞர் மரியன் ரைட். மிசிசிப்பியிலே வழக்கறிஞராகப் பதிவு பெற்ற முதல் கறுப்பினப் பெண்மணி அவர். அந்தக் குழந்தைகளுக்கு ஹெட் ஸ்டார்ட் பள்ளியிலே கிடைத்த ஒரு வேளை உணவு எவ்வளவு பெரிது என்பதை எண்ணிப் பாருங்கள்.

1970-ல் நீதிமன்றக் கட்டளையால் டெல்டாவின் பள்ளிகள் கலந்தன. கலந்த மாத்திரத்திலே வெள்ளைக் குழந்தைகள் பெரும்பாலோர் தனியார் பள்ளிகளுக்குப் போய்விட்டார்கள். அரசுப் பள்ளியிலே மிஞ்சியது ஏழையின் பிள்ளை. ஊரிலே செல்வாக்குள்ளவன் பிள்ளை படிக்காத பள்ளிக்கு, அந்தச் செல்வாக்குள்ளவன் வரி கொடுப்பானா? கூரை ஒழுகினால் கவலைப்படுவானா? 1982-ல் கவர்னர் வில்லியம் வின்டர் பெரும் போராட்டம் நடத்திச் சட்டம் கொண்டுவந்த பிறகுதான், 1986-ல் ஐந்து வயதுக் குழந்தைக்கு மாநிலமெங்கும் பாலர் வகுப்பு திறந்தது. நாலு வயதுக் குழந்தைக்கு மாநில அரசு காசு கொடுக்கச் சட்டம் செய்தது 2013-ல்! ஹெட் ஸ்டார்ட் வந்து 48 ஆண்டு கழித்து.

இன்று அப்படிப்பட்ட ஒரு கிராமக் கவுன்டியிலே, நாலு வயதுப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் தாய்க்கு எத்தனை கதவுகள்?

முதல் கதவு ஹெட் ஸ்டார்ட். இன்னும் இருக்கிறது, இலவசம். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பத்துக்கு முதலிடம். கோட்டுக்குச் சற்று மேலே கூலி கிடைத்துவிட்டால் இடம் கிடைப்பது அரிது. கொஞ்சம் அதிகம் உழைத்ததற்குத் தண்டனை!

இரண்டாவது கதவு, 2013 சட்டப்படி அமைந்த கூட்டு வகுப்புகள். அரசுப் பள்ளி, ஹெட் ஸ்டார்ட், தனியார் குழந்தைக் காப்பகம் எல்லாம் ஒரே குடையின் கீழ் சேரவேண்டும். நல்ல யோசனை. ஆசிரியருக்குப் பட்டம், வகுப்பிலே 20 குழந்தைக்கு மேல் கூடாது என்பன போன்ற நிபந்தனைகளும் உண்டு. தேசிய ஆய்வு நிறுவனம் ஒன்று வகுத்த 10 தர அளவுகளிலும் மிசிசிப்பி முழுமையாகத் தேறுகிறது. பாராட்டுவோம்! ஆனால் ஒரு முடிச்சு இருக்கிறது. அரசு கொடுக்கும் ஒவ்வொரு டாலருக்கும், உள்ளூர் மற்றொரு டாலர் ஈடு காட்ட வேண்டும். ஈடு காட்ட வழியுள்ள ஊருக்கு எளிது. வழியற்ற ஊர் எங்கே போகும்? மிகவும் பசித்தவனிடம், பாதிச் சோற்றை நீ கொண்டுவா, மீதியை நான் தருகிறேன் என்று சொல்வது போலில்லையா? அதனாலே மாநிலத்தின் நாலு வயதுக் குழந்தைகளிலே சிறு பகுதியினர்தான் இந்த வகுப்புகளிலே இருக்கிறார்கள். தரத்திலே பத்துக்குப் பத்து. பந்தியிலே பலருக்கு இலையே இல்லை!

மூன்றாவது கதவு தனியார் காப்பகம். உதவிச் சீட்டுக் கிடைத்தால் சேர்க்கலாம். சீட்டுக்கான பணம் தீர்ந்தால் காத்திருக்கலாம். நாலாவது, பாட்டி வீட்டுத் தாழ்வாரம். அதற்கு அரசாங்கத்தின் தர அளவு எதுவும் கிடையாது. அன்பு மட்டும் உண்டு.

சரி, இத்தனை செலவு செய்தார்களே, தேர்ச்சி என்ன, பலன் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கட்டும். பொதுப்பணத்துக்குப் பலன் கேட்பது குற்றமல்ல. பதில் சொல்வோம்.

1969-ல் வெஸ்டிங்ஹவுஸ் ஆய்வு என்று ஒன்று வெளிவந்தது. ஹெட் ஸ்டார்ட் குழந்தைகள் பெற்ற முன்னேற்றம், சில ஆண்டுப் பள்ளிக்குப் பின் மங்கிவிடுகிறது என்றது. உடனே, பார்த்தீர்களா, ஏழைப் பிள்ளைக்கு எவ்வளவு கொட்டினாலும் ஓட்டைக் குடம் என்றார்கள் சிலர். நாம் கேட்கிறோம்: வெள்ளத்திலே நனைந்தவனைத் துடைத்துவிட்டு, மறுபடியும் அதே வெள்ளத்திலே தள்ளினால், துண்டின் மீதா குற்றம்? பாலர் பள்ளியிலே ஓராண்டு பாலும் பரிவும் கிடைத்த குழந்தை, அடுத்து நுழைந்தது எந்தப் பள்ளியிலே? ஒழுகும் கூரை, பழைய புத்தகம், கூட்டமான வகுப்பு. மங்கியது குழந்தையின் அறிவா, ஆண்டவரின் அக்கறையா?

இதோ மற்றோர் ஆய்வு. 1965-ல் ஹெட் ஸ்டார்ட் தொடங்கியபோது, நாட்டிலேயே மிக ஏழ்மையான 300 கவுன்டிகளைப் பட்டியலிட்டு, விண்ணப்பம் எழுத அவற்றுக்கு மத்திய அரசு ஆள் அனுப்பி உதவியது. மிசிசிப்பியின் கவுன்டிகள் பல அந்தப் பட்டியலிலே இருந்தன. 300-க்குள் கடைசியாக இடம் பெற்ற கவுன்டிக்கும், மயிரிழையில் இடம் தவறிய கவுன்டிக்கும் வறுமையிலே பெரிய வேறுபாடு இல்லை. கிடைத்த உதவியிலேதான் வேறுபாடு. ஜென்ஸ் லட்விக், டக்ளஸ் மில்லர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் இந்த இரு வகைக் கவுன்டிகளையும் ஒப்பிட்டு 2007-ல் ஆய்வு வெளியிட்டார்கள். அவர்கள் கண்டது என்ன? பரிசோதனையாலும் தடுப்பூசியாலும் ஊட்டத்தாலும் தடுக்கக்கூடிய நோய்களால் 5 முதல் 9 வயதுக் குழந்தைகள் இறப்பது, உதவி பெற்ற கவுன்டிகளிலே மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைந்திருந்தது!

தேர்ச்சி என்ன என்று கேட்டீர்களே, ஐயா! உயிரோடு இருப்பது தேர்ச்சி இல்லையா? எழுத்துத் தேர்விலே நூற்றுக்கு எத்தனை என்று கேட்பதற்கு முன், எழுத உட்காரக் குழந்தை இருக்க வேண்டாமா?

இதனாலே, பாலர் பள்ளி என்று பலகை மாட்டினால் போதும், பலன் தானே வரும் என்று சொல்ல வரவில்லை. பக்கத்து மாநிலமான டென்னசியிலே 2,990 ஏழைக் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவு 2022-ல் வெளிவந்தது. குலுக்கலிலே பாலர் பள்ளி இடம் பெற்ற குழந்தைகள், ஆறாம் வகுப்பிலே, இடம் பெறாதவர்களைவிடப் பின்தங்கியிருந்தார்கள்! கசப்பான செய்திதான். நமக்குப் பிடிக்காததாலே அதை மறைத்தால், ரசீது கேட்காத செனட்டர்களுக்கும் நமக்கும் என்ன வேறுபாடு? அந்த முடிவு தரும் பாடம் இதுதான்: பள்ளி என்ற பெயர் போதாது, உள்ளே நடப்பதைப் பார்க்க வேண்டும். நாலு வயதுக் குழந்தையை வரிசையிலே நிறுத்தி, வாயை மூடு, கையைக் கட்டு என்று நாளெல்லாம் அடக்கி வைத்தால், அது பள்ளியல்ல, குட்டிப் பார்ச்மன்!

மிசிசிப்பியையே பாருங்கள். நாலாம் வகுப்புப் படிப்புத் திறனிலே, 2013-ல் நாட்டின் சராசரி 221 புள்ளி, மிசிசிப்பி 209. நாடே நகைத்தது. 2024-ல் நாட்டின் சராசரி 214, மிசிசிப்பி 219! இது பாலர் பள்ளியால் மட்டும் வந்ததல்ல. எழுத்தையும் ஒலியையும் சேர்த்துக் கற்பிக்க ஆசிரியருக்குப் பயிற்சி, பின்தங்கிய பள்ளிக்குப் பயிற்சியாளர், மூன்றாம் வகுப்பிலே படிக்கத் தெரியாவிட்டால் நிறுத்திவைத்தல் எல்லாம் சேர்ந்த பலன். நிறுத்திவைப்பது சரியா என்ற வாதம் தனியே நடக்கிறது. ஆனால் ஒன்று உறுதியாயிற்று. டெல்டாவின் குழந்தைக்கு மூளை குறைவு என்ற பேச்சு முடிந்தது. குறைவாக இருந்தது முயற்சி. அதுவும் குழந்தையின் முயற்சியல்ல.

ஆகவே, தோழர்களே, பாலர் பள்ளியின் தேர்ச்சியை அளக்கக் கிளம்புகிறவர்களிடம் நாம் வைக்க வேண்டிய கேள்விகள் நாலு.

ஒன்று: இடம் எல்லாக் குழந்தைக்கும் உண்டா, அல்லது ஈடு கட்ட முடிந்த ஊருக்கு மட்டுந்தானா?

இரண்டு: பாடம் சொல்லும் பெண்ணுக்குப் பிழைக்கத்தக்க சம்பளம் உண்டா? பசித்த ஆசிரியை, பசித்த குழந்தைக்கு எதை ஊட்டுவாள்?

மூன்று: பெற்றோருக்கு அங்கே அதிகாரம் உண்டா? மிசிசிப்பித் தாய்மார்கள் 1965-ல் செய்து காட்டியது வீண்போகவில்லை. இன்றும் ஹெட் ஸ்டார்ட் விதிப்படி, ஒவ்வோர் அமைப்பின் கொள்கைக் குழுவிலும் பெற்றோரே பெரும்பான்மையாக இருக்க வேண்டும். ஏட்டிலே இருக்கும் அந்த விதி, கூட்டத்திலே குரலாக ஒலிக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நாலு: அடுத்த பள்ளி எப்படி? பாலர் பள்ளியிலிருந்து கைப்பிடித்து அனுப்பும் குழந்தையை வரவேற்க அங்கே யார் காத்திருக்கிறார்கள்?

இந்த நாலுக்கும் பதில் சொல்லாமல், ஐந்து வயதுக் குழந்தையின் முன்னே தேர்வுத் தாளை நீட்டி, நீ எத்தனை புள்ளி என்று கேட்பது நியாயமல்ல. அந்தத் தாளிலே எழுத வேண்டியவர்கள் வேறு. 18,000 ஏக்கரிலே சிறை கட்ட முடிந்தவர்கள் அவர்கள். 85 ஆண்டு பாலர் வகுப்புக் கட்டப் பணம் இல்லை என்றவர்கள் அவர்கள். குழந்தையின் பெயரிலே வரும் புள்ளி, உண்மையிலே அவர்களுடைய புள்ளி!

ஃபேனி லூ ஹேமர் 1977-ல் கண்மூடினார். ஆண்டுக்கு நாலு மாதம்தான் பள்ளி என்று விதிக்கப்பட்ட அந்தக் கூலிக்காரி மகளின் பெயரை இன்று உலகம் அறிகிறது. பன்னிரண்டு மாதமும் பள்ளியிலே படித்துப் பட்டம் பெற்று, அவளைப் பண்ணையிலிருந்து துரத்தும் கூட்டத்தோடு நின்ற கனவான்களின் பெயரை யார் நினைவு வைத்திருக்கிறார்கள்?

சூரியகாந்தி வெளிச்சம் வரும் திசைக்குத் திரும்பும். வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நின்றுவிட்டு, மலரைப் பார்த்து, ஏன் தலை கவிழ்ந்தாய் என்று கேட்காதீர்கள். முதலில் விலகி நில்லுங்கள்!